உள்பக்கம் திருப்பி மடித்த ஐந்து உறைகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டு சோபாவில் அக்கா வண்ணம் தீட்டிய குஷன் ஒன்றாவது இருக்கும். மீதிப் பேர் அதற்கு எக்ஸ்ரே கொடுத்தவர்கள். அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா சொல்லிவிட்டார். "எனுக்கு எழுத வராது பாப்பா, நீயே எழுது" என்றார். ஐம்பதை நெருங்கும் என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே மனிதர் அவர். எனக்கும் எழுத வராது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. சரி, சரியில்லை என்ற இரண்டைத் தவிர அங்கே நான் வேறு எதுவும் எழுதுவதில்லை. குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது கிழக்குத் தாம்பரத்தில், அப்பாவுக்கு ரயில்வேயில் கொடுத்திருந்த குடியிருப்பில். நான் பிறந்தபோது அவருக்குப் பத்து வயது. எனக்கு எட்டு வயது நடக்கும்போது அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா அப்போதுதான் பிளஸ் டூ முடித்து, கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். அந்த விண்ணப்பம் ஒரு வரிகூட நிரப்பப்படாமல் பீரோவின் அடித்தட்டில் நெடுநாள் கிடந்தது. அம்மாவைக் குளிப்பாட்டுவது, அப்பாவுக்கு டப்பா கட்டுவது, எனக்குத் தலை பின்னுவது என்று அவருடைய நாட்கள் போயின. இடையில் தையலும் கற்றுக்கொண்டார். என் பள்ளிச் சீருடைகள் எல்லாம் அவர் தைத்தவை. வளர்கிற பிள்ளை என்று பாவாடையின் அடியில் இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பார். வருடா வருடம் அதைப் பிரித்து விடுவார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், அவசரக்காரி ஆனேன். இதில் அக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு, கடைசியாகச் சொன்ன குணத்தைத் தவிர.

அம்மா போன பிறகுதான் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. மாமாவின் குடும்பம் சேலையூரில் முன்பு நெல் விளைவித்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு மாமா ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக விசேஷ வீடுகளில் அக்காவிடம் சொல்லப்பட்ட யோசனைகளை எல்லாம் எழுதினால் இந்த மலர் தாங்காது. சொன்னவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அக்கா உங்கள் யார்மீதும் மனத்தாங்கல் வைத்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது.

மாமாவின் கம்பெனியை மூடியபோது அக்கா வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தார். கேம்ப் ரோட்டில் ஒரு சோபா கடைக்குச் சந்தன நிறத்தில் வெறும் குஷன் உறைகள். ஒருமுறை தைத்து முடித்த உறைகள்மேல் தேநீர் கொட்டிக் கறையாகிவிட்டது. துவைத்தும் போகவில்லை. மார்கழிக்காகத் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய கோல அச்சு ஒன்று வீட்டில் இருந்தது. துளை போட்ட பிளாஸ்டிக் தகடு, மேலே கோலமாவைப் போட்டுத் தேய்த்தால் தரையில் கோலம் விழும். அதைக் கறையின்மேல் வைத்து, துணிக்குப் பூசுகிற வண்ணத்தை மாவு தேய்ப்பதுபோலவே தேய்த்துவிட்டார். வண்ணம் தகட்டுக்கு அடியில் ஓடி, கறை ஒன்றுக்கு நான்கு ஆனது. ஸ்பாஞ்சில் கொஞ்சமாக வண்ணம் தொட்டு ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும் என்று தானாகவே கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிற்பாடு தன்னிடம் கற்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "ஒத்தடம் குடுக்கற மாதிரி குடுங்க. தேய்ச்சா துணிக்கு வலிக்கும்" என்பார்.

கோல அச்சில் புள்ளிகள்தான் விழும். மயில் வேண்டும், தாமரை வேண்டும் என்றால் தகட்டை நாமே வெட்ட வேண்டும். அட்டை இரண்டு தடவைக்குமேல் தாங்காது, ஊறிவிடும். அப்போது அக்காவின் கண்ணில் பட்டது அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே. அப்பா காலமாகிப் பல வருடங்களாகியும் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் படத்தில் பிளேடால் ஒரு மாங்காய் உருவம் வெட்டினார். எத்தனை முறை வண்ணம் ஒற்றினாலும், கழுவினாலும் அது அசையவில்லை. அதற்குப் பிறகு உறவினர் எல்லோருக்கும் அக்காவின் வேண்டுகோள் ஒன்றுதான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "எக்ஸ்ரே எடுத்தீங்களா? தூக்கிப் போட்டுடாதீங்க" என்பார். பெரிய அத்தையின் முட்டியில் மயில் வந்தது. சித்தப்பாவின் இடுப்பில் தாமரை. பல்லாவரம் அண்ணி வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது அவரே படத்தை உறையோடு கொண்டுவந்து கொடுத்து, "இதுல கிளி போட்டு எனக்கு ரெண்டு குடு" என்று கேட்டார். அக்கா போட்டுக் கொடுத்தார்.

பூவும் கிளியும் எளிது. எழுத்து அப்படி இல்லை. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு கவிதா, கார்த்திக் என்று பெயர் போட்ட குஷன் கேட்டிருந்தார்கள். அக்கா இரவெல்லாம் வெட்டினார். 'க'வை வெட்டி எடுத்தால் அதன் சுழிக்குள் இருக்கும் துண்டும் கூடவே விழுந்துவிடும் என்பது வண்ணம் பூசிய பிறகுதான் தெரிந்தது. மாமா அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? கரப்பான் பூச்சி மல்லாந்து கீது."

"கவிதா."

"பொண்ணு பார்த்தா அழும்மா."

அதிலிருந்து அக்கா ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பாலம் வைத்தார். சுழியின் நடுத்துண்டு விழாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஒரு நூல் அகலத்துக்கு வெட்டாமல் விடுவது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் பாலம். அச்சில் அந்த இடத்தில் எழுத்து சற்றே அறுந்து தெரியும். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, பெயர் அறுந்திருப்பது நல்லதில்லை என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அச்சை எடுத்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பாலத்தையும் கையால் மூடுவார். அச்சு போட ஐந்து நிமிடம், பாலம் மூட அரை மணி.

வண்ணம் பூசியதோடு வேலை முடியாது. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். பிறகு உறையை உள்பக்கம் திருப்பி, பின்புறமாகச் சூடாக இஸ்திரி போட வேண்டும். அந்தச் சூட்டில்தான் வண்ணம் துணியோடு ஒட்டும். போடாமல் தண்ணீரில் நனைத்தால் போயிற்று. இஸ்திரி மாமாவின் இலாகா. அக்கா உள்பக்கம் திருப்பி மடித்துக் கூடையில் வைப்பார், மாமா எடுத்துப் போடுவார். கூடையில் இருக்கும்வரை பார்ப்பதற்கு அது வெறும் சந்தன நிறத் துணி. இந்த விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. படப்பையில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில், என் சோபாவுக்குக் குஷன் போட்டுத் தருவதாக அக்கா சொன்னார். "சோபாவோடயே அஞ்சு குஷன் குடுத்துட்டான்க்கா. அதுவே மேட்ச்சா இருக்கு" என்றேன். அப்போது எனக்கு என் வரவேற்பறை கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல இருக்க வேண்டும். முட்டி எக்ஸ்ரேயில் வெட்டிய மயில் அங்கே வேண்டாம் என்று நினைத்தேன். அக்கா "சரி" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

அக்கா வீட்டுக்கு நான் மாதம் இருமுறையாவது போவேன். போனால் உட்கார மாட்டேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நிற்பேன். வண்டியைத் தெருவில் நிறுத்தியிருப்பேன், பின்னால் எவனாவது ஹாரன் அடிப்பான். அக்கா, "கொஞ்சம் உட்காருடி" என்பார். மாமா, "கால்ல வெந்நீர ஊத்திகினு வந்தா எப்டி உட்காரும்?" என்பார். நாங்கள் மூவரும் சிரிப்போம். இது பதினைந்து வருடமாக நடந்த சிரிப்பு.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை. அக்கா கொடுத்த ஊறுகாயை வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.

"கொஞ்சம் உட்காருடி."

"இல்லக்கா, மழை வர மாதிரி இருக்கு. முடிச்சூர் ரோட்ல தண்ணி நின்னுச்சுன்னா அவ்ளோதான்."

"பத்து நிமிஷம்."

"அடுத்த வாரம் வரேன்கா."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு, "உன் சோபா குஷன் என்ன சைஸு?" என்று கேட்டார். பழைய குஷன் நைந்திருக்கும், புதிது போடுகிறேன் என்றார். அளந்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அன்று மழை பெய்யவில்லை.

அளவு அனுப்பவில்லை. அதற்குப் பிறகு தொலைபேசியில் இரண்டு முறை நினைவுபடுத்தினார். நாளெல்லாம் அளந்துகொண்டிருக்கிறவள் நான். மேசை இழுப்பறையில் மூன்று விதமான அளவுகோல்கள் இருக்கின்றன. ஒரு குஷனை அளக்க நேரமில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் சொன்னேன், அக்கா நம்பினார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் அடுப்படியில் இருந்த நேரத்தில் சாண் போட்டு அவரே அளந்துகொண்டு போயிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

தீபாவளி முடிந்த வாரம் அக்கா தன் நோயைப் பற்றிச் சொன்னார். நுரையீரலில். சமீபத்தில்தான் தெரிந்தது என்றார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். சிகிச்சை நடந்தது. தலைமுடி போனது. அந்த நாட்களிலும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்து வேலை செய்தார். கையில் பலம் இல்லாததால் வண்ணத்தில் தண்ணீர் கலந்துகொண்டார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, மருந்து கொடுத்து, ரிப்போர்ட்டுகளை வரிசையாக அடுக்கி, டாக்டரிடம் கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றையும் நின்றுகொண்டே செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மூச்சு அதிகமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். சனிக்கிழமை விடியற்காலை அக்கா இறந்தார்.

எடுத்த பிறகு வீடு கழுவுவது நம் வழக்கம். ஆண்கள் எல்லோரும் மயானத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் தண்ணீர் ஊற்றினோம். எனக்கு அழுகை வரவில்லை, வேலை வந்தது. வீட்டில் இருந்த துணி ஒன்றுவிடாமல் எடுத்து, துவைக்கிற சோடாவைப் போட்டு வெந்நீரில் நனைத்தேன். கொடியில் கிடந்தது, கட்டிலில் விரித்தது, கூடையில் இருந்தது, எல்லாம். கூடையிலிருந்து ஐந்து வெறும் உறைகள் வந்தன. நனைத்தேன். தண்ணீர் செங்கல் நிறமானது. மட்டமான துணி, சாயம் போகிறது என்று நினைத்தேன். தண்ணீர் தெளிகிறவரை மூன்று முறை அலசினேன். நன்றாகவே துவைத்தேன்.

மாமா ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது அவை கொடியில் தொங்கின. அவர் வாசலில் கால் கழுவிவிட்டு நேராகக் கொடிக்குத்தான் போனார்.

"இத்த இன்னா பாப்பா பண்ண?"

"எல்லாம் நனைச்சாச்சு மாமா."

"இது உனுக்குப் போட்டது. இன்னும் இஸ்திரி போடல."

நான் ஓர் உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஏதோ எழுத்து இருந்ததற்கான மங்கலான பூச்சு. படிக்க முடியவில்லை. ஐந்தையும் திருப்பினேன், ஒன்றிலும் முடியவில்லை.

"என்ன மாமா எழுதியிருந்துச்சு?"

"நான் பார்க்கல. உள்பக்கம் திருப்பித்தான் குடுத்தா. அப்டியே இஸ்திரி போட்டு வைங்க, பாப்பா வந்து பிரிக்கட்டும்னா. மறுநா காத்தாலயே மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சி. இட்டுகினு ஓட்னதுல நான் போடாமயே வுட்டுட்டேன்." பிறகு மீண்டும் ஒருமுறை சொன்னார், "நான்தான் போட்டிருக்கணும்."

இல்லை மாமா, நான்தான் பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அதை இந்த மலரில் எழுதுகிறேன். மாமா படிக்கட்டும்.

அதற்கடுத்த மாதங்களில் என்னை அரித்தது அந்த ஒரே கேள்விதான். அக்கா எனக்கு என்ன எழுதினார்? குளிக்கும்போது, பேருந்தின் பின்னால் நிற்கும்போது, உதிரிபாகத்தை அளக்கும்போது. திட்டி எழுதியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். துவைத்த உறைகளை வெயிலில் பிடித்து, கைப்பேசியில் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எழுத்தில் ஒரு வால் மட்டும் தெரிந்தது.

ஆறாம் மாதம் மாமா கூப்பிட்டார். கட்டிலடியில் இருந்த எக்ஸ்ரேக் கட்டை என்ன செய்வது என்று கேட்டார். போய்ப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் அக்கா காகிதம் ஒட்டிக் குறித்திருந்தார். மயில், பெரிய அத்தை. தாமரை, சித்தப்பா. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்குவது அவர் பழக்கம். அடியில் இருந்த ஒன்று மட்டும் கழுவாமல் இருந்தது. அதன்மேல் செங்கல் நிற வண்ணம் காய்ந்திருந்தது. காகிதம் ஒட்டவில்லை.

ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். விலா எலும்புகளுக்குக் குறுக்கே வெளிச்சமாக இரண்டு சொற்கள். கொஞ்சம் உட்காரு. மூலையில் வெள்ளை எழுத்தில் அக்காவின் பெயரும் வயதும் தேதியும். தேதி ஆனி மாதத்தில் வருவது. நான் ஊறுகாய் வாங்கிக்கொண்டு போன சனிக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பு.

மாமாவிடம் கேட்டேன். "எனுக்கும் தீபாவளிக்கு அப்பாலதான் சொன்னா" என்றார். அன்று அக்கா கேட்ட பத்து நிமிடம் எதற்கு என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தானா, வெறும் காபிக்கா? முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடமே போய்க் கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அந்த நான்கு மாதம் அதைத் தனியாக வைத்திருந்தார். அது மட்டும் தெரியும்.

நான் படத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். மாமா நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டார். உட்கார்ந்தேன். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. வண்டி தெருவில்தான் நின்றது, பின்னால் ஹாரனும் அடித்தார்கள். அழுகை அன்றும் வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள்.

அக்காவின் கடைசி நாட்களில் துணையாக இருந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இரவுபகல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கேட்காமலே நாற்பது நாள் கஞ்சி கொடுத்து அனுப்பிய கீழ்வீட்டு அம்மாவுக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், என் விடுப்புக் கணக்கைக் கேட்காத அலுவலக மேலாளருக்கும், சமைத்துச் சாப்பிட்டுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும், தங்கள் முட்டியையும் இடுப்பையும் அக்காவுக்குக் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலருடன் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குஷன் உறை வைத்திருக்கிறோம். அதே அச்சில் நான் ஒற்றியது, பதினெட்டு அங்குலம். எழுத்துகள் சுழிகளின் பக்கத்தில் அறுந்திருக்கும். அங்கே பாலங்களை மூட என் கை இன்னும் பழகவில்லை, பெரியவர்கள் சகுனம் பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும் மாமா இரண்டு முறை இஸ்திரி போட்டிருக்கிறார், பயப்படாமல் துவைக்கலாம். என் சோபாவில் புதியது போடவில்லை. அங்கே அக்காவின் அந்த ஐந்து உறைகள்தான் இருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு வெறும் துணியாகத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

படையல் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறது. சாப்பிட்ட உடனே வண்டிச் சாவியைத் தேடாமல் கொஞ்சம் உட்காருங்கள். நானும் உட்கார்ந்திருப்பேன்.

தங்கை,
படப்பை.